2006 ரோஸ் பவுல் ஆட்டம்

2006 ரோஸ் பவுல் என்பது ஐக்கிய அமெரிக்காவின் கல்லூரி அமெரிக்கக் காற்பந்தாட்டத்தில் 2005 பருவத்தின் தேசிய வாகையாளரைத் தீர்மானித்த இறுதி ஆட்டம் ஆகும். இது 2006 ஜனவரி 4 அன்று கலிபோர்னியா மாநிலத்தின் பாசடீனா நகரிலுள்ள ரோஸ் பவுல் அரங்கில் நடைபெற்றது. ஆஸ்டினிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் லாங்ஹார்ன்ஸ் அணி, தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ட்ரோஜன்ஸ் அணியை 41-38 என்ற புள்ளிக் கணக்கில் வென்றது. வெற்றியைத் தந்த டச்டவுன் ஆட்டம் முடிய 19 நொடிகள் இருந்தபோது எடுக்கப்பட்டது. கல்லூரிக் காற்பந்தாட்ட வரலாற்றின் மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்றாக இது கருதப்படுகின்றது.

தோற்ற அணியின் குவார்ட்டர்பேக் மாட் லைனார்ட் அன்று மிக நன்றாக ஆடினார். பந்து வீச்சை மட்டும் அளவிடும் சூத்திரத்தின்படி அவரது மதிப்பெண் வென்ற அணியின் வின்ஸ் யங்கின் மதிப்பெண்ணை விட அதிகம். அவ்வாறிருந்தும் தென் கலிபோர்னியா ஏன் தோற்றது என்ற கேள்வியை ரசிகர்களும் விமர்சகர்களும் தொடர்ந்து விவாதித்து வந்துள்ளனர். நூலிழையில் முடியும் ஆட்டங்களை எவ்வாறு ஆராய வேண்டும் என்பதற்கு இவ்விவாதம் ஒரு நல்ல எடுத்துக்காட்டு ஆகும்.

ஆட்ட விதிகள்: சுருக்கம்

இக்கட்டுரையைப் புரிந்துகொள்ள அமெரிக்கக் காற்பந்தாட்டத்தின் சில அடிப்படை விதிகளை அறிந்திருப்பது அவசியம். ஒவ்வோர் அணியிலும் 11 வீரர்கள் களத்தில் இருப்பர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு தொலைவு முன்னேற நான்கு முயற்சிகள் அளிக்கப்படும். ஒவ்வொரு முயற்சியும் டவுன் எனப்படும். ஒரு யார்டு என்பது ஏறத்தாழ 0.91 மீட்டர் ஆகும். நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு முன்னேறினால் மீண்டும் நான்கு புதிய முயற்சிகள் கிடைக்கும். இல்லையெனில் பந்து நின்ற இடத்திலேயே எதிரணிக்குச் சென்றுவிடும்.

இதனால் நான்காம் முயற்சியில் அணிகள் பெரும்பாலும் முன்னேற முயல்வதில்லை. பந்தைத் தொலைவாக உதைத்து எதிரணியை அதன் எல்லைக்கு அருகே தள்ளிவிடுவதே வழக்கம். இவ்வுதை பண்ட் எனப்படும். எதிரணியின் கோல் கம்பங்கள் அருகில் இருந்தால், அவற்றுக்கு இடையே பந்தை உதைத்து 3 புள்ளிகள் பெறலாம். இது ஃபீல்ட் கோல் எனப்படும்.

எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைக் கொண்டு செல்வது டச்டவுன் ஆகும். இதற்கு 6 புள்ளிகள். அதன் பிறகு உதைத்து 1 கூடுதல் புள்ளியோ, அருகிலிருந்து மீண்டும் ஒருமுறை பந்தை எல்லைக்குள் கொண்டு சென்று 2 கூடுதல் புள்ளிகளோ பெற முயலலாம்.

குவார்ட்டர்பேக் என்பவர் தாக்குதலை வழிநடத்தும் வீரர். பெரும்பாலான ஆட்டங்களில் பந்து முதலில் அவர் கைக்கே வரும். அதை வீசுவதா, ஓட்ட வீரரிடம் கொடுப்பதா, தாமே எடுத்துக்கொண்டு ஓடுவதா என்பதை அவர் சில நொடிகளுக்குள் முடிவு செய்ய வேண்டும்.

பின்னணி

இவ்விரு அணிகளும் அப்பருவத்தில் தலா 12 ஆட்டங்களில் ஆடி அனைத்திலும் வென்றிருந்தன. தென் கலிபோர்னியா தரவரிசையில் முதலிடத்திலும் டெக்சஸ் இரண்டாமிடத்திலும் இருந்தன. தென் கலிபோர்னியா அணி 2003 செப்டம்பரில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்திடம் தோற்ற பிறகு தொடர்ந்து 34 ஆட்டங்களில் வென்றிருந்தது. டெக்சஸ் தொடர்ந்து 19 ஆட்டங்களில் வென்றிருந்தது.

தென் கலிபோர்னியாவின் பயிற்சியாளர் பீட் கேரல். அவரது அணியில் ஹைஸ்மன் விருது பெற்ற இருவர் ஒரே நேரத்தில் ஆடினர். கல்லூரிக் காற்பந்தாட்டத்தின் மிக உயர்ந்த தனிநபர் விருதான ஹைஸ்மனை 2004 இல் லைனார்ட் பெற்றார். 2005 இல் ஓட்ட வீரர் ரெஜி புஷ் பெற்றார். அவ்வாண்டு அவ்விருதுக்கான வாக்கெடுப்பில் இரண்டாமிடம் பெற்றவர் டெக்சஸின் யங் ஆவார். டெக்சஸின் பயிற்சியாளர் மாக் பிரவுன்.

ஆட்டத்தின் போக்கு

டெக்சஸ் நழுவவிட்ட பந்தைக் கைப்பற்றிய தென் கலிபோர்னியா, ஓட்ட வீரர் லென்டேல் வைட்டின் டச்டவுன் மூலம் 7-0 என முந்தியது. ஆனால் முற்பாதியில் கிடைத்த வேறு மூன்று நல்ல வாய்ப்புகளை அவ்வணி வீணாக்கியது. அவை:

1. டெக்சஸ் எல்லையை நெருங்கிய நிலையில், நான்காம் முயற்சியில் ஒரு யார்டு தேவைப்பட்டபோது, லைனார்ட் தாமே முன்னேற முயன்று தடுக்கப்பட்டார். ஃபீல்ட் கோலுக்கு முயலவில்லை.
2. நீண்ட தூரம் ஓடிய புஷ், பிடிபடும் தறுவாயில், தம்முடன் ஓடிவந்த சக வீரரிடம் பந்தைப் பக்கவாட்டில் எறிந்தார். அதை அவர் எதிர்பார்க்கவில்லை. நழுவிய பந்து டெக்சஸிடம் சென்றது. அதைத் தொடர்ந்து டெக்சஸ் ஒரு ஃபீல்ட் கோல் அடித்தது.
3. டெக்சஸின் எல்லைப் பகுதிக்குள் லைனார்ட் வீசிய பந்தை டெக்சஸ் தடுப்பு வீரர் மைக்கேல் கிரிஃபின் இடைமறித்துப் பிடித்தார்.

இரண்டாம் காற்பகுதியில் டெக்சஸ் இரண்டு டச்டவுன்களும் எடுத்து, இடைவேளையின்போது 16-10 என முன்னிலை பெற்றது. மூன்றாம் காற்பகுதியில் முன்னிலை மூன்று முறை கைமாறி, தென் கலிபோர்னியா 24-23 என முந்தியது. நான்காம் காற்பகுதியில் புஷ் 26 யார்டு ஓடி ஒரு டச்டவுன் எடுத்தார். டெக்சஸ் ஒரு ஃபீல்ட் கோல் மூலம் இடைவெளியைக் குறைத்தது. பின்னர் லைனார்ட் வீசிய 22 யார்டு பந்தை டுவெய்ன் ஜாரெட் எல்லைக்குள் பிடித்தார். ஆட்டம் முடிய 6 நிமிடம் 42 நொடி இருந்தபோது தென் கலிபோர்னியா 38-26 என 12 புள்ளிகள் முன்னிலையில் இருந்தது.

அடுத்து யங் தம் அணியை விரைவாக முன்னேற்றி, 17 யார்டு ஓடி டச்டவுன் எடுத்தார். ஆட்டம் முடிய 4 நிமிடம் 3 நொடி இருந்தபோது கணக்கு 38-33 ஆனது. இதன் பின் நிகழ்ந்தவையே விவாதத்தின் மையம்.

நான்காம் முயற்சியும் இரண்டு யார்டும்

தென் கலிபோர்னியா பந்தைத் தன்வசம் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்த முயன்றது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடங்களுக்குச் சற்று கூடுதலாக இருந்தபோது, டெக்சஸின் 45 யார்டு கோட்டில் நான்காம் முயற்சி வந்தது. தேவைப்பட்டது 2 யார்டு. கேரல் பந்தை உதைக்காமல் முன்னேற முடிவு செய்தார். பந்து வைட்டிடம் கொடுக்கப்பட்டது. அவர் ஒரு யார்டு மட்டுமே முன்னேறினார். 2 நிமிடம் 9 நொடி மீதமிருக்க, பந்து டெக்சஸின் கைக்கு மாறியது. எல்லையைத் தொட அவ்வணிக்கு 56 யார்டு தேவைப்பட்டது.

இம்முடிவின் மீது இரு வேறு கேள்விகள் எழுகின்றன. இவை பெரும்பாலும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளப்படுகின்றன. முதலாவது, முன்னேற முயன்றது சரியா? இரண்டாவது, முயன்ற விதம் சரியா?

முதற் கேள்வியை எளிய கணக்கின் மூலம் ஆராயலாம். 2 யார்டு முன்னேறியிருந்தால் வெற்றி ஏறத்தாழ உறுதியாகியிருக்கும். முன்னேற்றம் வெற்றி பெறும் நிகழ்தகவு ப எனக் கொள்வோம். தோல்வியுற்றால் டெக்சஸ் 56 யார்டு கடந்து டச்டவுன் எடுக்கும் நிகழ்தகவு க. பந்தை உதைத்திருந்தால் டெக்சஸ் தன் எல்லைக்கு அருகிலிருந்து நீண்ட தொலைவு கடந்து டச்டவுன் எடுக்கும் நிகழ்தகவு த. முன்னேற முயல்வதால் தோற்கும் வாய்ப்பு (1 - ப) × க ஆகும். உதைப்பதால் தோற்கும் வாய்ப்பு த ஆகும். முன்னது பின்னதை விடச் சிறியதாக இருந்தால் முன்னேற முயல்வதே சரி.

எடுத்துக்காட்டாக, ப = 0.6, க = 0.5 என வைத்துக்கொண்டால் தோற்கும் வாய்ப்பு 0.4 × 0.5 = 0.2. அதாவது, நீண்ட தொலைவிலிருந்து டெக்சஸ் டச்டவுன் எடுக்கும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாக இருந்தால் மட்டுமே உதைப்பது சிறந்த முடிவாகும். இவ்வெண்கள் விளக்கத்திற்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. ஆயினும் இக்கணக்கு, எதிரணியின் தாக்குதல் எவ்வளவு வலிமையாக உள்ளதோ அவ்வளவுக்கு உதைப்பதன் பயன் குறைகின்றது என்பதைத் தெளிவாக்குகின்றது. அன்றிரவு யங்கைத் தடுக்க தென் கலிபோர்னியாவால் இயலவில்லை. எனவே கேரலின் முடிவு காரணமற்ற துணிச்சல் என்று கூற இயலாது.

இரண்டாம் கேள்வியே ரசிகர்களை அதிகம் வருத்தியது. அந்த ஆட்டத்தின்போது புஷ் களத்தில் இல்லை. நாட்டின் சிறந்த வீரர் எனப் பரிசு பெற்றவர், பருவத்தின் மிக முக்கியமான இரண்டு யார்டின்போது எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்றார். அவருக்குப் பந்து கொடுக்காவிட்டாலும், அவர் களத்தில் இருந்திருந்தால் ஓரிரு தடுப்பு வீரர்களின் கவனமாவது அவர் பக்கம் திரும்பியிருக்கும் என்பது இத்தரப்பின் வாதம். அவர் இல்லாததால் பந்து வைட்டுக்கே செல்லும் என டெக்சஸ் எளிதில் ஊகித்தது என்றும் கூறப்படுகின்றது.

மறுதரப்பின் வாதமும் வலுவானதே. வைட் உடல் வலிமை மிக்கவர். குறுகிய தொலைவுகளில் முட்டி மோதி முன்னேறுவது அவரது பணி. அன்று அவர் 20 முறை ஓடி 124 யார்டு முன்னேறி 3 டச்டவுன்கள் எடுத்திருந்தார். இது ஓர் ஓட்டத்திற்குச் சராசரியாக 6.2 யார்டு ஆகும். அதே ஆட்டத்தில் புஷ் 13 ஓட்டங்களில் 82 யார்டு முன்னேறியிருந்தார். தேவைப்பட்டது இரண்டு யார்டு மட்டுமே என்ற நிலையில் வைட்டைத் தேர்ந்தெடுத்ததைத் தவறு எனக் கூறுவது கடினம்.

கடைசி 19 நொடிகள்

பந்தைப் பெற்ற டெக்சஸ் முன்னேறத் தொடங்கியது. தென் கலிபோர்னியா தடுப்பு வீரர் ஒருவர் எதிராளியின் முகக்கவசத்தைப் பிடித்ததற்காக விதிக்கப்பட்ட தண்டனையும் டெக்சஸுக்கு உதவியது. இறுதியில் தென் கலிபோர்னியா எல்லைக்கு அருகே டெக்சஸுக்கும் ஒரு நான்காம் முயற்சி வந்தது. தேவைப்பட்டது 5 யார்டு. யங் பந்தை வீச இடம் தேடினார். தகுந்த வீரர் கிடைக்கவில்லை. வலப்புறமாக ஓடி, 8 யார்டு கடந்து எல்லைக்குள் நுழைந்தார்.

இப்போது கணக்கு 39-38. உதைத்து 1 புள்ளி பெற்றால் 40-38 ஆகும். அந்நிலையில் தென் கலிபோர்னியா ஒரு ஃபீல்ட் கோல் அடித்தாலே 41-40 என வென்றுவிடும். எனவே டெக்சஸ் 2 புள்ளிகளுக்கு முயன்றது. யங் மீண்டும் தாமே ஓடி அவற்றைப் பெற்றார். 41-38 என்ற நிலையில், ஒரு ஃபீல்ட் கோல் ஆட்டத்தைச் சமன் மட்டுமே செய்திருக்கும். எஞ்சிய நொடிகளில் லைனார்ட் தம் அணியை டெக்சஸின் பாதிக்குள் கொண்டு சென்றார். ஆனால் புள்ளி எதுவும் கிடைப்பதற்குள் ஆட்டம் முடிந்தது.

குவார்ட்டர்பேக்குகள்: ஓர் ஒப்பீடு

இரு குவார்ட்டர்பேக்குகளும் சரியாக 40 முறை பந்தை வீசினர். இதனால் ஒப்பீடு எளிதாகின்றது.

லைனார்ட்: 40 வீச்சுகளில் 29 சென்றடைந்தன; 365 யார்டு; 1 டச்டவுன்; 1 இடைமறிப்பு.
யங்: 40 வீச்சுகளில் 30 சென்றடைந்தன, 267 யார்டு, டச்டவுன் இல்லை, இடைமறிப்பு இல்லை.

கல்லூரிக் காற்பந்தாட்டத்தில் வீச்சுத் திறனை அளவிட ஒரு சூத்திரம் பயன்படுத்தப்படுகின்றது. யார்டு எண்ணிக்கையை 8.4 ஆலும், டச்டவுன்களை 330 ஆலும், சென்றடைந்த வீச்சுகளை 100 ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். இடைமறிப்புகளை 200 ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். கிடைத்ததை மொத்த வீச்சுகளால் வகுக்க வேண்டும்.

லைனார்டுக்கு: (3066 + 330 + 2900 - 200) ÷ 40 = 152.4
யங்குக்கு: (2242.8 + 0 + 3000 - 0) ÷ 40 = 131.07

இதன்படி தோற்றவர் வென்றவரை விட 21 மதிப்பெண்கள் அதிகம் பெற்றுள்ளார். ஆனால் இச்சூத்திரம் ஒரு குவார்ட்டர்பேக்கின் கால்களைக் கணக்கில் கொள்வதில்லை. அன்று யங் 19 முறை ஓடி 200 யார்டு முன்னேறி 3 டச்டவுன்கள் எடுத்தார். வீச்சும் ஓட்டமும் சேர்த்து அவர் ஈட்டியது 467 யார்டு. டெக்சஸ் அணி மொத்தமாக முன்னேறிய 556 யார்டில் இது ஆறில் ஐந்து பங்கு ஆகும்.

ஓடக்கூடிய குவார்ட்டர்பேக் தடுப்பு அணிக்குக் கணக்குச் சிக்கலை உண்டாக்குகின்றார். வழக்கமான ஓட்ட ஆட்டத்தில் பந்தைக் கொடுத்துவிட்ட குவார்ட்டர்பேக்கைத் தடுப்பு அணி கண்டுகொள்ள வேண்டியதில்லை. டெக்சஸ் பயன்படுத்திய முறையில் யங் தடுப்பு வரிசையின் ஓரத்திலுள்ள ஒரு வீரரைக் கவனிப்பார். அவர் ஓட்ட வீரரை நோக்கிப் பாய்ந்தால் யங் பந்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு ஓடுவார். அவர் யங்குக்காகக் காத்திருந்தால் பந்து ஓட்ட வீரருக்குச் செல்லும். எதைச் செய்தாலும் அத்தடுப்பு வீரர் ஏமாறுவார். வீச்சு ஆட்டங்களிலும், எல்லோரையும் தடுத்த பின் யங் ஓடிவிடும் அபாயம் எஞ்சியிருந்தது. கடைசி டச்டவுன் அவ்வாறு வந்ததே.

எனினும், இதிலிருந்து லைனார்ட் சரியாக ஆடவில்லை என்ற முடிவுக்கு வர இயலாது. அவரது அணி 574 யார்டு முன்னேறியது. இது டெக்சஸை விட 18 யார்டு அதிகம். 38 புள்ளிகள் பெரும்பாலான ஆட்டங்களில் வெற்றிக்குப் போதுமானவை. எல்லைப் பகுதிக்குள் இடைமறிக்கப்பட்ட வீச்சு அவரது தெளிவான பிழை. ஆனால் கடைசி நிமிடங்களில் யங்கைத் தடுக்க வேண்டிய பொறுப்பு தடுப்பு அணியினுடையது. அப்போது லைனார்ட் களத்திலேயே இல்லை.

நடுவர் தீர்ப்பு குறித்த சர்ச்சை

டெக்சஸின் முதல் டச்டவுனின்போது, யங் பந்தைச் சக வீரர் செல்வின் யங்கிடம் எறிவதற்கு முன்பே அவரது முழங்கால் தரையைத் தொட்டதாக ஒளிப்பதிவுகள் காட்டின. கல்லூரி விதிகளின்படி அந்த இடத்திலேயே ஆட்டம் நின்றிருக்க வேண்டும். தீர்ப்பு மீளாய்வு செய்யப்படவில்லை. அந்த டச்டவுனுக்குப் பிந்தைய கூடுதல் புள்ளி உதை தவறியதால் டெக்சஸுக்குக் கிடைத்தவை 6 புள்ளிகள்.

தோல்வி 3 புள்ளிகளில் அமைந்ததால், இந்த 6 புள்ளிகளைக் கழித்தால் தென் கலிபோர்னியா வென்றிருக்கும் எனச் சிலர் வாதிட்டனர். இது முழுமையான வாதம் அன்று. ஆட்டம் அங்கு நின்றிருந்தாலும் பந்து டெக்சஸிடமே, எல்லைக்கு மிக அருகில் இருந்திருக்கும். அடுத்த முயற்சிகளில் அவ்வணி டச்டவுனோ ஃபீல்ட் கோலோ எடுத்திருக்கக்கூடும். மேலும், புள்ளிக் கணக்கு மாறினால் அதன் பிந்தைய முடிவுகளும் மாறும். ஒரு நிகழ்வை மட்டும் நீக்கிவிட்டு மற்ற அனைத்தும் அப்படியே நடந்திருக்கும் எனக் கொள்ள முடியாது. முற்பாதியில் தென் கலிபோர்னியா வீணாக்கிய மூன்று வாய்ப்புகளுக்கும் இது பொருந்தும்.

முடிவும் விளைவும்

ஒரு முடிவின் தரத்தை அதன் விளைவைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது பொதுவான தவறு ஆகும். கேரலின் வாழ்க்கையிலிருந்தே இதற்கு எடுத்துக்காட்டுகள் கிடைக்கின்றன.

2005 அக்டோபர் 15 அன்று நோட்ர டேம் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில் தென் கலிபோர்னியா பின்தங்கியிருந்தது. நான்காம் முயற்சியில் 9 யார்டு தேவைப்பட்டபோது லைனார்ட் வீசிய பந்தைப் பிடித்து ஜாரெட் 61 யார்டு முன்னேறினார். ஆட்டம் முடிய 3 நொடிகள் இருந்தபோது லைனார்ட் எல்லைக்குள் புகுந்தார். பின்னாலிருந்து அவரைப் புஷ் தள்ளினார். அக்காலத்தில் அவ்வாறு தள்ளுவது விதிக்குப் புறம்பானது. நடுவர்கள் தண்டனை விதிக்கவில்லை. 34-31 என அணி வென்றது. அன்று புகழப்பட்ட அதே துணிவே பாசடீனாவில் குறை கூறப்பட்டது. நடுவர் தீர்ப்பின் நன்மையை அதே அணி முன்னர் அனுபவித்திருந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.

பின்னர் தொழில்முறைக் காற்பந்தாட்டத்துக்குச் சென்ற கேரல், 2015 பெப்ரவரி 1 அன்று நடைபெற்ற சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில் சியாட்டில் சீஹாக்ஸ் அணியை வழிநடத்தினார். ஆட்டத்தின் இறுதி நொடிகளில், எல்லைக்கு ஒரு யார்டு தொலைவில் வலிமை மிக்க ஓட்ட வீரரிடம் பந்தைக் கொடுக்காமல் அவரது அணி பந்தை வீசியது. அது இடைமறிக்கப்பட்டது. அணி 28-24 எனத் தோற்றது. 2006 இல் வலிமையான ஓட்ட வீரரிடம் கொடுத்ததற்காகவும், 2015 இல் கொடுக்காததற்காகவும் அவர் விமர்சிக்கப்பட்டார்.

பின்னாளில்

வின்ஸ் யங் ஆட்டத்தின் சிறந்த தாக்குதல் வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2006 ஏப்ரலில் நடந்த தொழில்முறை வீரர் தேர்வில் புஷ் இரண்டாவதாகவும், யங் மூன்றாவதாகவும், லைனார்ட் பத்தாவதாகவும் தெரிவு செய்யப்பட்டனர். புகழ்பெற்ற வருணனையாளர் கீத் ஜாக்சன் வருணித்த கடைசி ஆட்டமும் இதுவே ஆகும்.

மாணவ வீரர்களுக்கான விதிகளை மீறிப் புஷ் பலன்கள் பெற்றதாகக் கண்டறியப்பட்டதால், 2010 இல் தென் கலிபோர்னியா மீது தண்டனைகள் விதிக்கப்பட்டன. 2005 பருவத்தில் அவ்வணி பெற்ற 12 வெற்றிகளும் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. புஷ் தம் ஹைஸ்மன் விருதைத் திருப்பியளித்தார். கல்லூரி வீரர்கள் வருவாய் ஈட்டுவது குறித்த விதிகள் மாறிய பின், 2024 ஏப்ரலில் அவ்விருது அவருக்கு மீண்டும் வழங்கப்பட்டது. இதனால் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் தென் கலிபோர்னியாவின் அப்பருவத்து வெற்றிகள் எவையும் இல்லை. பாசடீனாவில் பெற்ற தோல்வி மட்டும் எஞ்சியுள்ளது.